இரண்டு ஆம்பியருக்கான ஒயர்

ஸ்டெபிலைசர் மூன்றாவது முறை 'டக்' என்றபோது அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். இதற்கு மேல் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க அந்தப் பெட்டியிடம் படி எதுவும் மிச்சமில்லை என்பது அவளுக்குத் தெரியும். கட்டிலருகே நின்ற ஆக்சிஜன் மெஷினின் இரைச்சல் ஒருமுறை தொய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி தொய்ந்து அடங்கியது. உடனே அதன் தலையில் சிவப்பு விளக்கு எரிந்து, பீப் பீப் என்று ஒப்பாரி வைக்கத் தொடங்கியது. அவள் சிலிண்டரின் திருகைத் திறந்தாள். மெஷினிலிருந்து குழாயைப் பிடுங்கிச் சிலிண்டரில் செருகினாள். கணவனின் மூக்கருகே காற்று வருகிறதா என்று புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெங்காயக் கை. அவன் முகத்தைச் சுளித்தான்.

"சின்னவீடு... கோவிச்சுக்கிட்டா," என்றான். இரண்டு சொல் சொல்ல அவனுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

"உங்க சின்னவீட்டுக்குத் தீனி பத்தல. நீங்க பேசாம இருங்க."

இருபது வருடம் கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவன் அவன். அறுத்த கல்லெல்லாம் யார் யார் வீட்டுத் தரையிலோ பளபளவென்று கிடக்கிறது. அதன் தூள் மட்டும் அவனோடு வந்துவிட்டது. நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர், சிமெண்ட் பூசிய மாதிரி இருக்கிறது என்றார். இனி நாள் முழுக்க மெஷின் வேண்டும், மெஷின் நின்றால் சிலிண்டர் வேண்டும். இரண்டும் இல்லாமல் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தை இதயம் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளும் என்றார். சிலிண்டர் சிறியது. இரண்டு மணி நேரத்துக்கு வரும். நிரப்பிக் கொடுக்கும் வண்டி வாரத்துக்கு ஒருநாள்தான் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்.

மெஷின் பகலில் ஒழுங்காக ஓடியது. இரவு சந்து உறங்கிய பிறகும் ஓடியது. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் சண்டித்தனம். குழாயில் தண்ணீர் வருவதும் அதே நேரம்தான். தண்ணீர் தானாக வராது, மோட்டார் போட்டு உறிஞ்ச வேண்டும். ஒருவர் உறிஞ்சினால் அடுத்தவர் குழாய் காற்று வாங்கும், எனவே எல்லோரும் ஒரே நேரத்தில் உறிஞ்சினார்கள். கரண்டும் அதே கதைதான். சந்தின் வாயில், குளிர்பானக் கடையை ஒட்டி டிரான்ஸ்பார்மர். அங்கிருந்து வரும் கம்பி ஒவ்வொரு வீடாக நின்று நின்று கொடுத்துவிட்டு, கடைசியாகக் கை வறண்டு அவள் வீட்டுக்கு வந்து சேரும்.

அவளுடைய கொழுந்தன் எலக்ட்ரீஷியன். சந்தின் நடுவில் வீடு. ஊரே அவனைக் 'கரண்டு' என்றுதான் கூப்பிட்டது. பட்டப்பகலில் வந்து, பிளக்கில் மீட்டர் குத்திப் பார்த்துவிட்டு, "லைன்ல குறையே இல்ல அண்ணி, இருநூத்தி இருபது காட்டுது. மெஷின்லதான் கோளாறு" என்று அவன்தான் முதலில் தீர்ப்புச் சொன்னான். மெஷினைத் தூக்கிக்கொண்டு விற்ற இடத்துக்குப் போனார்கள். அங்கே அது கன்றுக்குட்டி போலத் துள்ளிக்கொண்டு ஓடியது. மறுபடி தூக்கி வந்தார்கள். பிறகு ஒரு ஸ்டெபிலைசர் கொண்டுவந்து வைத்தான். சந்தில் எல்லா வீட்டுக்கும் அவன் கையால் வைத்ததுதான். ஒரு வருடம் முன்பு பாட்டரியும் வைத்துப் பார்த்தான். குறைந்த வோல்டேஜில் சரியாகச் சார்ஜ் ஏறாமல் அது வயிறு ஊதிச் செத்துப்போனது. இன்னொன்று வாங்குகிற நிலையில் யாரும் இல்லை.

அவள் வேலை செய்த இடத்தில் தண்ணீர் சூடாக்கும் காயில் செய்தார்கள். அவள் இருந்தது கடைசி மேஜை, டெஸ்டிங். காயிலை இரண்டு கவ்விக்கிடையே மாட்ட வேண்டும், சுவிட்சை அழுத்த வேண்டும், முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வோல்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், ஆம்பியரோடு பெருக்கினால் வாட். இருநூற்று முப்பது வோல்டில் நாலரை ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுத்தால் ஐம்பத்துமூன்று ஓம், ஆயிரம் வாட், பாஸ். இரண்டு பக்கமும் முடியளவு இடம் உண்டு. அதைத் தாண்டினால் மேஜைக்கடியில் இருக்கும் கூடை. வருடக்கணக்காகச் செய்ததில் முள்ளைப் பார்க்கும்போதே மனசு வகுத்துவிடும். சூப்பர்வைசர் அவளை 'மீட்டரம்மா' என்பார். டீ ஆறிவிட்டது என்று யாராவது சொன்னால், "மீட்டரம்மாகிட்ட குடு, எத்தனை ஓம்னு சொல்லுவாங்க" என்று சிரிப்பார்கள்.

ஒரு சாயங்காலம் சூப்பர்வைசரிடம் கேட்டு டாங் டெஸ்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். நண்டுக் கொடுக்கு மாதிரி வாயைத் திறந்து ஒயரைக் கவ்வினால் போதும், உள்ளே எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று சொல்லிவிடும். கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு டிரான்ஸ்பார்மருக்கடியில் இருந்த பெட்டிக்குப் போனாள். கதவைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அவன் முறுக்கைப் பிரித்து, வெளியே போகும் ஒயரைக் கவ்விப் பிடித்தான்.

"அறுபத்தியொண்ணு," என்றான்.

"வோல்ட்டு?"

"இருநூத்தி இருபத்தியாறு."

அவள் வீட்டிலிருந்த புருஷனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். ஸ்டெபிலைசரில் உள்ளே வருகிற எண்ணைப் பார்த்து அவன் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுச் சொன்னான். நூற்று அறுபத்தாறு.

அறுபது வோல்ட் வழியிலேயே போய்விட்டது. இடையில் வீடு வீடாகப் பிரித்து எடுப்பதால் காயிலைப் போல இதற்குச் சுத்தமாகக் கணக்குப் போட முடியாது. ஆனாலும் ஒன்று தெரிந்தது. இரண்டாயிரம் மூவாயிரம் வாட் அந்தக் கம்பியைச் சூடாக்குவதிலேயே கழிகிறது. அவள் அண்ணாந்து பார்த்தாள். இரண்டு மூன்று காயிலை ஆகாயத்தில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. காக்கைக்குத்தான் கால் கதகதப்பாக இருக்கும்.

"எல்லா வீட்டு ஸ்டெபிலைசரும் இப்ப என்ன காட்டும் தம்பி?"

"இருநூத்தி இருபது. பச்ச லைட்டு எரியும்."

"கம்பியில நூத்தி எழுபது வந்தா அது எங்கேருந்து இருநூத்தி இருபது குடுக்கும்?"

அவனுக்குத் தெரியாமல் இல்லை. வோல்ட் குறைந்த இடத்தை ஆம்பியரால் நிரப்பித்தான் அது கொடுக்கிறது. ஒரு வீட்டுப் பெட்டி கூடுதலாக இழுக்க இழுக்க, கம்பியில் இன்னும் கொஞ்சம் இறங்கும். அதைப் பார்த்து அடுத்த வீட்டுப் பெட்டி 'டக்' என்று ஒரு படி ஏறும். சந்து முழுக்கப் பச்சை விளக்கு எரிய, அந்த 'டக்' ஒவ்வொரு வீடாக நகர்ந்து கடைசி வீட்டுக்கு வந்து, போக இடமில்லாமல் நிற்கும்.

"நான் ஒவ்வொண்ணா வைக்கறப்ப எல்லாருக்கும் நல்லாத்தான் இருந்துது அண்ணி," என்றான். பெட்டிக் கதவை மறுபடி கம்பியால் கட்டினான்.

மின்சார ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுப் போனாள். அங்கிருந்த உதவிப் பொறியாளர் நல்ல மனிதர். அவளை உட்காரச் சொன்னார், எண்களைக் கேட்டார், தலையாட்டினார். "நீங்க சொல்றது கரெக்ட்டும்மா. கம்பி பத்தாது, டிரான்ஸ்பார்மரும் பத்தாது. திட்டத்துல சேத்திருக்கு." எப்போது என்று கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மறுத்துப் பேசியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கரெக்ட் என்று சொன்னவரோடு என்ன பேசுவது என்று தெரியாமல் எழுந்து வந்தாள்.

தனியாக ஒரு ஒயர் இழுத்தால் என்ன என்பது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது. சந்தின் வாயில் வோல்டேஜ் இருக்கிறது. மெஷின் கேட்பதோ இரண்டு ஆம்பியர். அந்த இரண்டு மட்டும் ஓடுகிற ஒயர் ஒன்று கடையிலிருந்து வீடு வரை வந்தால், அது எத்தனை மெல்லியதாக இருந்தாலும் பெரிதாக எதுவும் இறங்காது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே கொழுந்தன் வீட்டு வாசலில் நின்று சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான்.

"என்கிட்ட சைட்ல மிஞ்சின ஒயர் ரெண்டு சுருள் கிடக்குது. தடியா இருக்கறது நீளம் பத்தாது, நம்ம வாசல் வரைக்கும்தான் வரும். மெல்லிசு உங்க வீடு வரைக்கும் வரும். தடிய இங்க வரைக்கும் இழுத்து, அதுக்கு மேல மெல்லிசைச் சேத்துக்கலாமா?"

"சேத்த எடம் பின்னால தொந்தரவு. மெல்லிசே பத்தும். போட்டுப் பாத்துடலாம்."

கொழுந்தன் வீட்டுக் கூடத்திலேயே போட்டுப் பார்த்தார்கள். முறுக்கிய இரட்டை ஒயர். சுருளின் ஒரு முனையில் இரண்டு இழையையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு, தொழிற்சாலைக் கூடையில் கிடந்த இரண்டு ஆயிரம் வாட் காயிலைச் செங்கல் மேல் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தான். இரண்டு ஆம்பியர் ஓடியது. ஒயரின் மறுமுனையில் மீட்டர் வைத்தால் பதினாலு வோல்ட்.

"ஏழு ஓம்," என்றாள் அவள். "கடையில இருநூத்தி இருபத்திநாலு இருந்தா எனக்கு இருநூத்திப்பத்து வரும். மெஷினுக்கு இருநூறு போதும். ஒயர் இருபத்தெட்டு வாட்தான் தின்னும். சூடு கூடத் தெரியாது."

"தடியாப் போட்டா கொஞ்சம் கை தாராளமா இருக்கும்."

"எதுக்கு தாராளம்? ரெண்டு ஆம்பியருக்கு மேல ஒரு பொட்டு இழுக்கப் போறதில்லையே."

அவளுக்கு அந்தப் பொருத்தம் பிடித்திருந்தது. இரண்டு பக்கமும் முடியளவு இடம் விட்டு முள் நடுவில் நிற்கிற காயிலைப் பார்க்கிற திருப்தி. கொழுந்தனின் பெண்டாட்டி, அடுப்படி நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்காவுக்கு ரவிக்கை தைக்கறதுக்கும் முள்ளு நடுவுல நிக்கணும்" என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "ஒரு பிளக்குதானேம்மா. என் ரெண்டு பிரிட்ஜ் குடிக்கிறதுல உன் வீட்டுக்காரர் மூச்சு என்ன பெரிய பங்கு? மாட்டிக்கோ." ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் ஏணியோடு வந்து, சுவர் சுவராக ஆணி அடித்து ஒயரை இழுத்தான். எந்த வீட்டிலும் யாரும் எதுவும் சொல்லவில்லை. தையல்காரம்மா மட்டும், "எங்க சுவத்துல அடிக்கற ஆணிக்கு ஒரு சட்டைக்குப் பட்டன் தைக்கற கூலி ஆகும்" என்றாள். பிறகு தானே ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் தெரு விளக்கு எரிந்தது, தண்ணீர் வந்தது, சந்து முழுக்க மோட்டார்கள் உறுமின. மெஷின் நிற்கவில்லை. ஸ்டெபிலைசரைக் கழற்றி அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். அடுத்தடுத்த நாட்களில் புருஷன் முகம் மழித்துக்கொண்டான். நீளக் குழாயை இழுத்துக்கொண்டு வாசற்படி வரை வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். போகிறவர் வருகிறவரிடம் "நான் இப்ப தனி லைனு" என்று சொல்லிக்கொண்டான். ஒருநாள் அவள் வேலையிலிருந்து திரும்பும்போது, பழைய செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் ஒரே அளவில். அறுத்துப் பழகிய கை. அவள் உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டாள். அடுப்படிக்கு வந்து, இன்னும் கொஞ்சம் வெண்டைக்காய் வாங்கியிருக்கலாம் என்று நினைத்தாள்.

மூன்றாவது வாரம் மெஷின் மறுபடி நின்றது.

விளக்கு வைக்கிற நேரம். இரைச்சல் தொய்ந்து தொய்ந்து அடங்கவில்லை, ஒரேயடியாகக் கழுத்தைத் திருகிய மாதிரி நின்றது. சிலிண்டரைத் திறந்து கொடுத்துவிட்டு, கொழுந்தன் கொடுத்து வைத்திருந்த மீட்டரைப் பிளக்கில் குத்தினாள். நூற்றுத் தொண்ணூற்று நாலு. கடைக்குப் போன் போட்டுப் பார்க்கச் சொன்னாள். அங்கே அதே இருநூற்று இருபத்திநாலு. மெஷினே ஓடாதபோது ஒயரில் முப்பது வோல்ட் இறங்குவதென்றால், வேறு எதுவோ அதில் ஓடுகிறது. அரைமணி கழித்து மீட்டர் தானாகவே இருநூற்று இருபத்திநாலுக்கு ஏறியது. மெஷினைப் போட்டால் ஓடியது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

டாங் டெஸ்டரை மறுபடி கேட்டு வாங்கி வந்தாள். "என்ன மீட்டரம்மா, வீட்டுலயும் டெஸ்டிங்கா?" என்றார் சூப்பர்வைசர். மெஷினை அணைத்து, புருஷனைச் சிலிண்டரில் விட்டுவிட்டுச் சந்தின் வாய்க்குப் போனாள். கடைச் சுவரில், முறுக்கில் ஒரு இழையை மட்டும் விரலால் நெம்பிக் கவ்வினாள். எட்டு ஆம்பியர். அவள் பங்கு சைபராக இருக்க வேண்டிய நேரம்.

சுவர் சுவராக நடந்தாள். அடுத்த வீட்டைத் தாண்டிக் கவ்வினாள், எட்டு. அதற்கடுத்து, எட்டு. தையல்காரம்மா வீட்டுக்கு முன்னால் எட்டு. உள்ளே தையல் மெஷின் கடகடவென்று ஓடுகிற சத்தம் கேட்டது. ஒயர் அந்த ஜன்னலை உரசிக்கொண்டுதான் போனது. அவள் மனசுக்குள் அன்றைக்குப் பட்டன் கூலி பேசியது வந்து நின்றது. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன, மோப்பம் புடிச்சுட்டு வர்றியா?" என்றாள் தையல்காரம்மா, தலையை நிமிர்த்தாமல்.

"ஒயர்ல யாரோ எடுக்கறாங்க."

"எடுப்பாங்க. கைக்கு எட்டற ஒசரத்துல கட்டி வெச்சா எடுக்காம என்ன பண்ணுவாங்க?" மெஷினை நிறுத்தினாள். "என்னுது காலால மிதிக்கிற மெஷின். வேணும்னா என் காலைக் கவ்விப் பாத்துக்க, எத்தனை ஆம்பியர்னு."

அவளுக்கு முகம் சுட்டது. அந்தச் சுவரைத் தாண்டிக் கவ்வினாள். எட்டு. அதற்கடுத்த சுவர், எட்டு. அப்புறம் கொழுந்தன் வீடு.

அவன் வீட்டைத் தாண்டிக் கவ்வியபோது முள் சைபரில் படுத்துவிட்டது.

மீட்டர் தப்பாக இருக்கலாம் என்று தோன்றி, திரும்ப முன்பக்கம் வந்து கவ்வினாள். எட்டு. சுவரோரமாக ஒயரைக் கண்ணால் தொடர்ந்தாள். கூரை மறைவில், டேப் சுற்றி, ஒழுங்காக, பிசிறு இல்லாமல் ஒரு கிளை பிரிந்து கொல்லைப்பக்கம் இறங்கியது. அவன் கைவேலை. சந்தில் வேறு யாருக்கும் அத்தனை சுத்தமாகச் சேர்க்க வராது.

கொல்லையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தன் அதன் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் சின்ன பிளாஸ்டிக் குவளை. மோட்டார் காற்று இழுக்கும்போதெல்லாம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவளையும் அவள் கையிலிருந்த டெஸ்டரையும் பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"நீங்க வருவீங்கன்னு தெரியும் அண்ணி."

"உங்க அண்ணன் மெஷின் மூணு நாளா நிக்குது தம்பி."

"தெரியும்."

"தெரிஞ்சுதானா?"

அவன் குவளையைக் கவிழ்த்து வைத்தான். "மெயின் லைன்ல நூத்தி அறுபதுக்குக் கீழ போயிடுச்சு. மோட்டார் முக்குது, சுத்த மாட்டேங்குது. ரெண்டு தடவ காயில் கருகிப் புதுசாச் சுத்தியாச்சு. நான் என்ன செய்ய?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நீங்க கணக்குப் போட்டுக் காட்டுவீங்க. கணக்குல நான் தோத்துடுவேன். ஆனா தண்ணி வராது."

அவன் பெண்டாட்டி பின்கட்டிலிருந்து வந்து நின்றாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, "அக்கா, இந்தத் தண்ணி எங்க வீட்டுக்கு மட்டுமா வருது?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. தொட்டியிலிருந்து கிளம்பிய பச்சைக் குழாய் சுவரேறி, கொல்லைகள் வழியாக, கடைசி வீட்டு டிரம் வரை போவதை மூவருமே அறிவார்கள். இரவெல்லாம் சளியில் நனைகிற புருஷனின் துணிகளையும் விரிப்புகளையும் அலச அந்தத் தண்ணீர்தான். மெஷினில் காற்றை ஈரமாக்கும் குப்பியைக் கழுவுவதும் அதில்தான். அவளுக்கென்று ஒரு குழாய் இருந்தது. அதில் தண்ணீர் வந்து எத்தனையோ நாள் ஆயிற்று.

"அன்னிக்கே தடி ஒயர இங்க வரைக்கும் இழுத்திருந்தா..." என்று ஆரம்பித்த கொழுந்தன், பாதியில் நிறுத்திக்கொண்டான். அவள் அதற்குள் கணக்கை முடித்திருந்தாள். தடி ஒயரில் பாதி வோல்ட்கூட இறங்கியிருக்காது. மோட்டாரும் ஓடியிருக்கும், மெஷினும் நின்றிருக்காது. இப்போது அந்தச் சுருள் வேறு சைட்டுக்குப் போய்ச் சுவருக்குள் புதைந்துவிட்டது. அவள் கையில் இருப்பது ஏழு ஓம். அதில் பாதி இந்த வீட்டு வாசலுக்கு முன்னால்.

மோட்டார் காற்று இழுத்துக் கரகரத்தது. யாரும் அசையவில்லை. பிறகு அவளே குனிந்து குவளையை எடுத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

மோட்டாருக்குத் தினம் அரைமணி என்று பேசிக்கொண்டார்கள். வேறு என்ன பேசுவது. மோட்டார் போடுவதற்கு முன் கொழுந்தன் போன் செய்வான், அவள் மெஷினைத் தானே அணைத்துவிடுவாள், நிறுத்தியதும் மறுபடி போன் செய்வான். வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"சிலிண்டர்ல... எத்தனை அரைமணி இருக்கு?"

"நாலு. வண்டி வாரத்துக்கு ஒருக்காதான் வரும்."

"அப்ப மூணு நாள்... ரெண்டும் இல்லாம... சும்மா இருக்கணும்."

"தம்பிகிட்ட மறுபடி பேசிப் பாக்கறேன்."

"வேணாம். தண்ணி இல்லாம... உன்னால முடியாது." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "எந்த மூணு நாள்னு... நான் சொல்லுவேன். அத மட்டும்... எனக்கு விட்டுடு."

அவன் முதலில் சொன்னது வெள்ளிக்கிழமை. ஏன் என்று அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை போன் வந்ததும் மெஷினை அணைத்தாள். பழகிய இரைச்சல் போனதும் அறை பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. கடிகாரமும் எங்கோ ஒரு குழந்தை அழுவதும் கேட்டன. அவனை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துக்கொண்டாள். விரலில் மாட்டும் கருவியை அவன் வேண்டாம் என்றுவிட்டான். எண் இறங்குவதைப் பார்த்தால் கூடவே தானும் இறங்குவதாகத் தோன்றுகிறதாம். அதனால் நகத்தின் நிறத்தைப் பார்த்தாள். கொல்லையில் டிரம்முக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. முதலில் அடித்தட்டில் மேளம் மாதிரி, பிறகு மெத்தென்று, பிறகு நிறைந்து நிறைந்து.

அவன் தோள்பட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் காதை நோக்கி ஏறியது. கண்ணை மூடவில்லை.

டிரம் நிறைந்து வழிவது காதில் விழுந்தது. போய்க் குழாயை வாளிக்கு மாற்ற வேண்டும். எழப் பார்த்தாள். அவன் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின. இறுக்கியதில் பலம் ஒன்றும் இல்லை, சும்மா உதறினாலே விட்டுவிடும். அவள் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பின்கதவின் அடியில் நாக்கை நீட்டியது. சிமெண்டுத் தரையின் சரிவில் நிதானமாக வழி தேடிக்கொண்டு, கட்டிலை நோக்கி வந்தது. கட்டிலடியில் தரையில் கிடந்தது ஜங்ஷன் பாக்ஸ். கடையிலிருந்து வரும் ஒயர் அதில்தான் முடிந்தது. மெஷின் பிளக் அதில்தான் இருந்தது.

மணிக்கட்டை அவனிடமே விட்டுவிட்டு, மறுகையை நீட்டி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீர் அவள் காலைச் சுற்றிக்கொண்டு மெஷின் சக்கரங்களுக்கிடையே போயிற்று. குளிர்ந்திருந்தது. அரைமணி ஆகிவிட்டதா என்று தெரியவில்லை. போன் அடுப்படி மேடையில் இருந்தது. அடித்தால் கேட்கும். பாக்ஸின் மூலையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. மோட்டார் இழுத்துக்கொண்டிருந்ததால் அது முழுசாக எரியாமல், அணையாமல், மங்கிக் கிடந்தது. தண்ணீர் விழுகிற சத்தம் நிற்கவில்லை. அவன் தலை மெல்ல அவள் தோளில் சாய்ந்தது. வாய் திறந்திருந்தது. இருவரும் மடியிலிருந்த அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.